டார்ச் அணைந்தபோது குரல் கொடுத்தவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை ஜெருசலேமில் எனக்குக் கைகொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது, முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்குப் படித்துச் சொல்வதாக விடுதி அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதல் நன்றியும் அக்காவுக்குத்தான். "ஷூ போட்டுக்கிட்டு சுரங்கத்துக்குப் போகாதே" என்று தன் ரப்பர் செருப்பையும், நெற்றியில் மாட்டும் டார்ச்சையும் தந்தார். பேட்டரியை மாற்றச் சொன்னார், நான்தான் மாற்றவில்லை.

யூதா நாட்டின் பழைய அரசர் எசேக்கியாவின் பெயரால் அழைக்கப்படும் இந்த நீர்ச் சுரங்கம் 533 மீட்டர் நீளம். அசீரியப் படை முற்றுகையிட்டால் ஊர் தண்ணீரில்லாமல் தவிக்கக்கூடாது என்று, கீகோன் ஊற்றைச் சீலோவாம் குளத்துக்குத் திருப்ப சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் வெட்டியது என்கிறார்கள். இறங்கியதும் தண்ணீர் தொடை வரை, சில்லென்று. அப்புறம் குறைந்துவிடுகிறது, ஆனால் பாதை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாத அளவுக்குக் குறுகல். பாதி வழியில் டார்ச் அணைந்தது. நான் கத்தியது வெளியே ஊற்று வரை கேட்டிருக்கும்!

பின்னால் பாடிக்கொண்டே வந்த ஒரு குடும்பம் பாட்டை நிறுத்திவிட்டு, "அங்கேயே நில்லுங்கள், வருகிறோம்" என்று குரல் கொடுத்தது. அந்த அம்மா என்னைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார், சின்னவன் தன் டார்ச்சை என் கையில் திணித்தான். உளித்தடம் ஓரிடத்தில் சட்டென்று திசை மாறுவதைக் காட்டியதும் அவன்தான். இரு முனையிலிருந்தும் தோண்டிவந்த ஆட்கள் சந்தித்த இடமாம். 3 முழம் பாறை மிச்சமிருந்தபோது ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் கேட்டது என்று 1880-இல் கிடைத்த கல்வெட்டு சொல்கிறது (கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது). அதை வகுப்பில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் சில்வான், பாலஸ்தீனர்கள் வாழும் பகுதி. துணி பிழிந்துகொண்டிருந்த எனக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் முக்காலியும் தேநீரும் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அகழாய்வு தொடங்கிய பிறகு விழுந்தது என்று தன் சுவரின் விரிசலைக் காட்டினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரில் பெண்கள் பகுதி ஆண்கள் பகுதியைவிடச் சின்னது, நெரிசலும் அதிகம் (இதற்கு யாருக்கும் நன்றி கிடையாது). சுவர் பழைய யூதக் கோயிலுடையது அல்ல, கோயில் நின்ற மேட்டைத் தாங்க ஏரோது மன்னன் காலத்தில் கட்டத் தொடங்கியது. கோயிலை கி.பி. 70-இல் ரோமர்கள் எரித்துவிட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த வேண்டுதல் சீட்டு பையில் ஊறிக் கூழாகிவிட்டது. பக்கத்திலிருந்த பாட்டி தன் நோட்டில் ஒரு தாள் கிழித்து, பேனாவும் கொடுத்து, வானத்தைக் காட்டி அவசரப்படுத்தினார்: வெள்ளி பொழுது சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வுநாள், அது தொடங்கிவிட்டால் எழுதக்கூடாது. கல்லிடுக்கில் செருகும் இந்தச் சீட்டுகளை வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து ஒலிவ மலையில் புதைப்பார்களாம்.

ஓய்வுநாளில் பேருந்தும் ஓடாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அரபுப் பேருந்துகள் ஓடும் என்று சொல்லி, பழைய நகரின் தமஸ்கு வாசல் வரை கூடவே நடந்துவந்த தம்பிக்கும் நன்றி.

இனி முக்கியமான விஷயம். சின்னவனின் டார்ச் என் பையிலேயே தங்கிவிட்டது. நீல நிறம், பிடியில் டைனோசர் ஸ்டிக்கர். அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது தகவல் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன். பேட்டரி மாற்றிவிட்டேன்.