புதிய சைலன்சரால் எஞ்சினில் ஏறிய பின்னழுத்தம் பற்றிய புகார்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
18.09.2025

முகாமையாளர்,
ஜெனரேட்டர் பராமரிப்புப் பிரிவு.

ஐயா,

கடந்த ஜூலை மாதம் எங்கள் பேக்கரியின் 40 கேவிஏ டீசல் ஜெனரேட்டருக்கு உங்கள் ஆட்கள் புதுச் சைலன்சரும் புகைக்குழாயும் பூட்டினார்கள். அன்றிலிருந்து அந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது; புகை தடையின்றி வெளியேற முடியாமல் எஞ்சினையே திருப்பித் தள்ளும் அழுத்தம், அதாவது பின்னழுத்தம், ஏறிவிட்டது. இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னேன், ஒரு தடவை நேரில் வந்தேன். இனி எழுத்தில்தான் பேச வேண்டும்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் கடன்பட்டு வாங்கியது இது. இந்த வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோதும் பழைய சைலன்சரோடு போறணையையும் மா குழைக்கும் இயந்திரத்தையும் சிணுங்காமல் இழுத்தது. சத்தம்தான் பெரிது. பின்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டபடியால்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் பூட்டியதில் சத்தம் குறைந்தது உண்மை.

ஆனால் ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியப்புறம் இரண்டரை மணிக்குக் கரண்ட் போய், மின் போறணையைப் போட்டவுடன் 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் மானியின் முள் 46க்கு இறங்கியது. கரும்புகை எழும்பிப் பின்வீட்டுக் கொடியில் கிடந்த குழந்தைத் துணியெல்லாம் கரி. 180 இறாத்தல் பாண் அன்று வீணானது. எந்த வீட்டுக்காக இந்தச் செலவு செய்தேனோ அந்த வீட்டிடமே மன்னிப்புக் கேட்டு நின்றேன்.

வந்து பார்த்த உங்கள் மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "இன்ஜெக்டர் பழுது" என்றார். டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் அந்தப் பாகத்தைக் கழற்றித் திருத்தி 38,500 ரூபா பில் தந்தீர்கள். புகை அப்படியேதான் இருந்தது. சைலன்சரைச் சந்தேகப்படலாமா என்று கேட்டதற்கு, "அது புதுசு ஐயா" என்பதே பதில்.

என் அத்தான் கப்பல் எஞ்சின் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் கேட்டது எஞ்சினின் கைநூலை. முழுச் சுமையில் பின்னழுத்தம் 6.7 கிலோபஸ்காலைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. தண்ணீர் உயரத்தில் சொன்னால் ஏறத்தாழ 680 மில்லிமீற்றர். ஆளுயரப் பலகை ஒன்றில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றினார். சைலன்சருக்கு முன்னால் குழாய் நேராக ஓடும் இடத்தில் ஒரு துளையிட்டு, சூட்டில் பிளாஸ்டிக் உருகாதபடி இடையில் ஒரு முழம் செப்புக்குழாய் வைத்துப் பொருத்தினார். புகையின் அழுத்தம் ஒரு பக்கத் தண்ணீரைக் கீழே தள்ளும்; இரு பக்க மட்டங்களுக்கும் இடையிலான உயர வித்தியாசம்தான் அளவு. தண்ணீர் துடித்தபடியே நிற்கும். அந்தத் துடிப்பின் நடுமட்டத்தை வாசித்தோம்.

சுமை இல்லாமல் 560 மில்லிமீற்றர். பார்த்தால் குறையில்லை என்றே தோன்றும், உங்கள் மெக்கானிக் கேட்டதும் இந்த நிலையில்தான். போறணையும் மற்ற இயந்திரங்களும் ஏறிய பிறகு 1,090. சைலன்சருக்குப் பின்னால் இன்னொரு துளையிட்டுப் பார்த்தபோது 400. அதாவது சைலன்சர் ஒன்றே 690ஐத் தின்கிறது. குழாயைக் கணக்கில் சேர்க்க முன்னமே எல்லை தாண்டிவிட்டது.

குழாயும் சரியில்லை. முன்பிருந்தது இரண்டரை அங்குலம். நீங்கள் போட்டது இரண்டு அங்குலம், அதிலும் சுவரை வளைத்துக்கொண்டு போக நான்கு கூர்முடக்குகள். அரை அங்குலம்தானே என்று நினைத்திருப்பீர்கள். அதே அளவு புகை போகும்போது குழாயின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகும், அதாவது விட்டம் கொஞ்சம் சுருங்கினாலே இழப்பு பல மடங்கு ஏறும்; கணக்குப் பார்த்தால் மூன்று மடங்கு ஆகிறது. எரிந்த வாயு முழுதாக வெளியே போக முடியாமல் சிலிண்டரில் தங்கினால் புதுக் காற்று குறைகிறது, டீசல் அரைகுறையாக எரிகிறது. கரும்புகையும் இழுவைக் குறைவும் அதனால்தான். இப்படியே ஓடினால் வால்வுகளும் சூட்டில் கெடும் என்று அத்தான் பயப்படுகிறார்.

பழைய குழாயையும் பழைய சைலன்சரையும் திரும்பப் பூட்டி அதே சுமையில் அளந்தோம்: 380. முள் 50இல் நின்றது, புகை வெளிறியது. இன்ஜெக்டரில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு துண்டுக் குழாயும் கொஞ்சத் தண்ணீரும் சொன்ன விடயத்தை, இதையே தொழிலாகச் செய்யும் நீங்கள் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது அதுதான்.

ஆகவே இந்த எஞ்சினின் புகை அளவுக்கு ஏற்ற, சத்தத்தையும் அடக்கக்கூடிய பெரிய சைலன்சரையும், இரண்டரை அங்குலத்துக்குக் குறையாத, அகன்ற வளைவுகளுள்ள குழாயையும் உங்கள் செலவில் பூட்டித் தாருங்கள். பூட்டிய அன்றே, போறணை ஓடும்போது, என் முன்னால் பின்னழுத்தத்தை அளந்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். தேவையில்லாமல் வாங்கிய 38,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். அளவுகளின் படங்களும் பில்லின் பிரதியும் இத்துடன் உண்டு.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுப்பேன். அதுவரை பழைய சைலன்சரோடுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. பின்வீட்டுக் குழந்தை இரவில் எழும்புகிறது. தயவுசெய்து விரைவாக வாருங்கள்.

இப்படிக்கு,
பேக்கரி உரிமையாளர்