காணி கேட்க வந்தவரிடம் கட்சி கேட்காதீர்கள்

வடக்கிலுள்ள தமிழ்த் தேசியக் கட்சிகளின் தலைமைகளுக்கும், மக்கள் கூட்டங்களைக் கூட்டும் பொது அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் பிடியிலுள்ள மக்களின் காணிகளை விடுவிப்பது தொடர்பாக அண்மையில் நடந்த கூட்டமொன்றில் நானும் இருந்தேன். அங்கே ஒரு தாயார் பேச எழுந்தார். 1990 இல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர். அதன்பின் முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று ஆயுளின் பாதியைக் கழித்தவர். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் காணி உறுதியின் பிரதியும் கிராம அலுவலரின் கடிதமும் இருந்தன. இராணுவம் வேலியைப் பின்னுக்கு நகர்த்தியிருப்பதாகச் சொல்கிறார்களே, தன் கிணறு இப்போது வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் மேடையிலிருந்த ஒருவர் குறுக்கிட்டார்: “அம்மா, முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. போன தேர்தலிலை தெற்குக் கட்சிக்கோ போட்டனீங்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பையை மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிணற்றைப் பற்றிய கேள்வி கேட்கப்படவே இல்லை.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று, தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அந்தத் தோல்வி உங்களுக்கு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று அவர்களிடம் கேட்டறிவது ஒன்று. வாக்களித்தவரா என்று கேட்டு வாயை அடைப்பது வேறொன்று. முன்பு, மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை ஏற்கிறாயா என்று கேட்டோம். அதற்கு முன்பு வேறு கேள்விகள் இருந்தன. அமிலமா காரமா என்று தாளை நனைத்துப் பார்ப்பதுபோல ஒரே கேள்வியில் மனிதரை நிறம் பிரிக்கும் இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதே சோதனையை அரசு எங்கள்மீது நடத்தியபோது அது எப்படி இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தமிழருக்கு எதிரான 1983 யூலை வன்செயல்களின் சூடு ஆறுமுன்னரே, ஓகஸ்ட் மாதத்தில், அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கொண்டுவரப்பட்டது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யாதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை என்றானது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். அவர்களுள் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கமும் ஒருவர். கொழும்பின் சோதனையில் ‘தோற்ற’ அதே அமிர்தலிங்கம், 1989 யூலை 13 அன்று, துரோகி என்ற தீர்ப்போடு விடுதலைப் புலிகளின் துப்பாக்கிக்கு இரையானார். உடனிருந்த யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார். இரண்டு மாதங்கள் கழித்து, எல்லாத் தரப்புகளின் மனித உரிமை மீறல்களையும் பதிவுசெய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் சொல்லும் விடயத்தைக் கேட்பதற்கு முன் அவர் யார் பக்கம் என்று தீர்மானித்துவிடும் வழக்கம் எங்கள் மண்ணில் எதுவரை போனது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையா?

இன்று கையில் துப்பாக்கி இல்லை, வெறும் கேள்விதானே என்று சொல்வீர்கள். அந்தத் தாயாரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 இல் இலங்கை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சமஷ்டி கேட்பவர்கள் தம் பேச்சைக் கேட்குமாறு தெற்கிடம் பல்லாண்டுகள் மன்றாடியிருக்கிறார்கள். அந்த நாங்கள் எங்கள் ஊர்ப் பெண்ணொருவரின் பேச்சைக் கேட்க நிபந்தனை விதிக்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக இருக்கிறது.

நான் யாருக்கு வாக்களித்தேன் என்பதை இம்மடலில் எழுதப்போவதில்லை. அதைச் சொன்னால்தான் என் சொல்லுக்குப் பெறுமதி என்று நீங்கள் நினைத்தால், நான் எதைக் குறித்து எழுதுகிறேனோ அதையே மறுபடியும் செய்கிறீர்கள். வாக்கு இரகசியமானது என்பதைத் தேர்தலில் நிற்கும் கட்சிகளுக்கு ஒரு வாக்காளர் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். காணி, கடல், காணாமல் ஆக்கப்பட்டோர் ஆகிய விடயங்களில் நீங்கள் கூட்டும் எந்தக் கூட்டத்திலும், பாதிக்கப்பட்டவரின் கட்சியையோ வாக்கையோ நிலைப்பாட்டையோ கேட்டபின் பேச விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். உங்கள் உறுப்பினர் எவராவது அப்படிக் கேட்டால் மேடையிலேயே அவரைத் திருத்துங்கள். காணிப் பதிவுள்ளவர் முதலில் பேசட்டும், அரசியல் உரைகள் அதன் பின்னர் நடக்கட்டும். இதை உங்கள் மத்திய குழுக்களில் முடிவாக எடுத்து, அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழிலேயே அச்சிட்டு அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்றைச் சேர்ந்தவன்