சனிக்கிழமை காலை பத்தரை மணி: நூலக நிகழ்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கும் நிகழ்ச்சிக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நம் பொது நூலகத்தில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் படித்தேன். மொத்தம் 14 நிகழ்ச்சிகள். நூல் எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் மட்டுமே நூலகத்தின் வேலை என்று இருந்துவிடாமல், ஒரு குழுவாக உட்கார்ந்து மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறீர்கள். ஊதியத்துக்கு மேற்பட்ட இந்த உழைப்புக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் என் மனக்குறையை எழுதுகிறேன்.

அந்த 14 நிகழ்ச்சிகளில் 12, ஒரே ஒரு நாள் நடந்து முடிந்துவிடுபவை. அவற்றிலும் ஒன்பது, வார நாள்களில் காலை 11 மணிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்; வேலைக்குப் போகிறவர்கள் வேலையில் இருப்பார்கள்; கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள். அரங்கில் நாற்காலிகள் நிரம்பலாம். ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே நூலகத்துக்கு வந்துகொண்டிருப்பவர்களைக் கொண்டே நிரம்பும். என் வேண்டுகோளைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 12 விழாக்களை ஐந்தாகக் குறைத்து, அதில் மிஞ்சும் ஆள்பலத்தையும் பணத்தையும் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கும் சிறிய அமர்வுகளுக்குத் தாருங்கள்.

பட்டியலின் முதல் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995இல் அறிவித்த நாள் இது; ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிசும் இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியரும் 1616ஆம் ஆண்டு இதே தேதியில் மறைந்தார்கள் என்று எல்லா மேடைகளிலும் சொல்வார்கள். ஆனால் அன்று ஸ்பெயின் கிரிகோரியன் நாட்காட்டியையும் இங்கிலாந்து ஜூலியன் நாட்காட்டியையும் பின்பற்றி வந்ததால், இரண்டு ஏப்ரல் 23களுக்கும் இடையே பத்து நாள் வித்தியாசம் இருந்தது. இதைக் குதர்க்கமாகச் சொல்லவில்லை. தேதி எப்போதும் ஒரு சாக்குத்தான். அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. கண்காட்சி மேசையில் புதிய நூல்களை அடுக்கி, 'தொட வேண்டாம், காட்சிக்கு மட்டும்' என்று அட்டை வைத்தால் (சென்ற முறை அப்படித்தான் வைத்திருந்தார்கள்) அது புத்தக நாள் ஆகாது. மேசையில் உள்ள எந்த நூலையும் அப்போதே பதிந்து எடுத்துப்போகலாம் என்றால் ஆகும்.

இனி, என்னை இந்த மடலை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சிறுவர் பகுதியில் எட்டு மாதம் தவறாமல் நடந்துவந்த கதை நேரம் புதிய பட்டியலில் இல்லை. அதை நடத்திவந்த தன்னார்வலர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று விசாரித்தபோது சொன்னார்கள். அதற்குப் பதிலாக மே மாதத்தில் ஒரு புதன்கிழமை 'சிறுவர் கதை விழா' அறிவிக்கப்பட்டுள்ளது: தொழில்முறைக் கதைசொல்லி, ஒலிபெருக்கி, சான்றிதழ். விழா நன்றாகவே நடக்கும், அதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஏன் ஆகாது என்பதை நானே பார்த்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன்.

என் மகளை அழைத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமைகளில் நானும் வந்திருக்கிறேன். மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பையன் முதல் நான்கு வாரமும் தன் அம்மாவின் தோள்பைக்குப் பின்னால் முகத்தை மறைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் முன்னால் வரச் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம், வாசித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைத் திருப்பப் போன நேரத்தில், அவன் எழுந்து வந்து படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "இன்னும் பாக்கல" என்றான். அவர் காத்திருந்தார். அவன் கையை எடுத்த பிறகுதான் பக்கம் திரும்பியது. அன்று போகும்போது அந்தப் புத்தகத்தை அவன்தான் மேசை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரே நாள் விழாவில் ஐந்தாம் வாரம் என்ற ஒன்றே கிடையாது.

இது வெறும் மனநெகிழ்ச்சியும் அல்ல. குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது பெரியவர் படித்துக்கொண்டே போகாமல், "இது என்ன செய்கிறது?", "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, குழந்தை சொன்னதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்லும் முறைக்கு 'உரையாடல் வாசிப்பு' என்று பெயர். க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாத காலம் இப்படி வாசித்ததிலேயே அவர்களது பேச்சுத்திறனில் முன்னேற்றம் தெரிந்தது. வாரக் கதை நேரத்தின் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. உடன் வந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ அந்த முறையைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்கிறார்கள். ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்று 200 பேருக்குக் கதை சொல்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், ஒரு குழந்தை கையை எடுக்கும் வரை பக்கத்தை நிறுத்தி வைக்க அவரால் இயலாது.

ஜூன் மாதத்துக்கு அறிவித்துள்ள 'மூத்தோருக்கான திறன்பேசிப் பயிற்சி முகாம்' பற்றியும் இதே கருத்துதான் எனக்கு. 60 பேரை உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது பயிற்றுநருக்கு வசதி. கற்றுக்கொள்ள வந்தவருடைய சிக்கல் வேறாக இருக்கும். என் பெரியப்பா திரையைத் தொடும்போது பழைய தட்டச்சுப் பொறியின் விசையை அமுக்குவதுபோல் ஒரு நொடி அழுத்தி வைத்திருப்பார். உடனே செயலியின் சின்னம் ஆடத் தொடங்கும், நீக்கவா என்று கேட்கும், அவர் பயந்துபோய் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். விரலை உடனே எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி அவருக்குத் தேவைப்பட்டது. அதை எந்த முகாமிலும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது பாடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்ப்பவருக்குத்தான் புலப்படும்.

ஆகவே முகாமுக்குப் பதில், வாரம் இருமுறை ஒரு மணி நேரம், ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், அவரவர் சொந்தக் கைப்பேசியிலேயே கற்றுத்தரும் உதவி மேசை ஒன்றை வையுங்கள். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் போதும். ஒரு நிபந்தனையை மட்டும் மேசையில் எழுதியே ஒட்டிவிட வேண்டும்: கடவுச்சொல்லையோ, வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணையோ உதவுபவர் கேட்கவும் கூடாது, தாமே தட்டவும் கூடாது.

எழுத்தாளர் சந்திப்புகள் மூன்று இருக்கின்றன. கடந்த ஆண்டு ஒரு நூலகத்தில் நடந்த இப்படியொரு சந்திப்புக்குப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரம் அருமையாகப் பேசினார். கூட்டம் முடிந்ததும் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அவருடைய நாவலைக் கேட்டுப் பதிவு மேசைக்குப் போனோம். ஒரு படிகூட இல்லை. வந்திருந்த இரண்டு படிகளும் இன்னும் பட்டியலிடும் பிரிவிலிருந்து வெளியே வரவில்லை என்றார்கள். அந்த மாலையில் எங்களுக்கு இருந்த ஆசை மறுவாரம் இருக்குமா? எனக்கு இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆகவே எழுத்தாளரை அழைக்கும் கடிதம் போகும் அன்றே அவருடைய நூல்களுக்கான கோரிக்கையும் கிளை நூலகங்களுக்குப் போகட்டும். சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பே பத்துப் படிகளாவது அலமாரியில் இருந்தால், படித்துவிட்டு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அது வாசகர் வட்டமாகத் தொடரவும் வழியுண்டு.

'சாதனையாளர்களுடன் ஒரு மாலை' என்ற நிகழ்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு, மேடையை மட்டும் எடுத்துவிடலாம். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'மனித நூலகம்' என்ற ஏற்பாட்டில், தம் வாழ்க்கையைப் பற்றிப் பேச முன்வந்த மனிதர்களே 'நூல்கள்'. வாசகர் ஒருவரை அரை மணி நேரம் 'இரவல்' எடுத்து, எதிரே உட்கார்ந்து, கேட்கத் தயங்கும் கேள்விகளையும் கேட்கலாம். இதற்கு ஆறு மேசையும் ஒரு கடிகாரமும் போதும்.

ஓவியப் போட்டியும் வினாடி வினாவும் நடக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான 'விழிப்புணர்வு நாள்' குறித்து மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1949இல் முதலில் வெளியாகி, 2022இல் கடைசியாகத் திருத்தப்பட்ட யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை, வழக்கமான சேவைகளைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கென்று தனிச் சேவைகளும் நூல்களும் இருக்க வேண்டும் என்கிறது. அது கேட்பது சேவையை, விழிப்புணர்வை அல்ல. 2013 ஜூன் 27 அன்று நிறைவேறிய மராக்கேஷ் ஒப்பந்தம், அதில் இணைந்த நாடுகளில், அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்காகப் பதிப்புரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலேயே பிரெய்ல், டெய்சி ஒலிநூல் போன்ற வடிவங்களில் படியெடுக்க வழிவகுத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் தேவைதான் என்றால் அந்த 27ஆம் தேதியையே எடுத்துக்கொண்டு, உறுப்பினர்களிடம் எந்த நூல் வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள். அதன்பிறகு வாரம் ஒரு மாலை, சிறு அறையில், கேட்பவர் விரும்பும் நாளிதழையோ நூலையோ நேரில் வாசித்துக் காட்ட ஒருவர் இருக்கட்டும். அறை மாடியில் இருக்கக் கூடாது.

நேரம் பற்றி நூலகவியல் அறிஞர் ரங்கநாதனை விடச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை நம் நுழைவாயிலிலேயே சட்டமிட்டு மாட்டியிருக்கிறீர்கள். 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்ற முதல் விதியை விளக்கத் தொடங்கியதுமே அவர் பேசுவது நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பதைத்தான். காலை 11 மணிக் கூட்டங்களை மாலை ஆறரைக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்றினால் ஊழியர்களுக்குக் கூடுதல் சுமை என்பதை அறிவேன். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது அதற்காகவும்தான். மாலையில் தங்கும் ஊழியருக்கு மறுநாள் தாமதமாக வரும் உரிமையையும் எழுத்திலேயே தந்துவிட வேண்டும். அமைதியாகப் படிக்க வருகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது; கதை நேரத்தின் சிரிப்புச் சத்தம் படிப்பு அறை வரை கேட்கிறது என்று தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் முறையிட்டதும் நியாயமான முறையீடே.

கடைசியாகக் கணக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தலை எண்ணி மேலே அனுப்புகிறீர்கள் என்று தெரியும். 200 பேர் வந்த விழா 12 பேர் வந்த அமர்வை விடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கணக்கால்தான்; அடுத்த நிதி ஒதுக்கீடும் அதை வைத்தே முடிவாகிறது. தலை எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்: வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறையாக வந்தவர்கள், அன்று எத்தனை நூல்கள் இரவலாகப் போயின. பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். ஒரு காலாண்டு முடிவில் அந்த எண்கள் என் கருத்துக்கு மாறாக இருந்தால், நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று பலகையில் இல்லை. அதையும் எழுதிப்போட்டு, பின் வரிசையில் உறுப்பினர்கள் உட்கார்ந்து கேட்கவும் இறுதியில் ஐந்து நிமிடம் பேசவும் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதை நேரத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றால், ஏப்ரல் முதல் சனிக்கிழமையிலிருந்து ஜூன் கடைசி வரை நான் வருகிறேன். நன்றாகக் கதை சொல்லத் தெரியாது. வாசிக்கத் தெரியும், காத்திருக்கவும் தெரியும். பத்து மணிக்குச் சிறுவர் பகுதியைத் திறந்துவிட்டால் போதும், விரிப்பை நானே விரித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
சிறுவர் பகுதிக்கு மகளோடு வரும் உறுப்பினர் ஒருவர்