நான்கு நிமிடக் கணக்கு

ஆசிரியருக்கு,

மதுரை உடற்பயிற்சிக் கூடங்களில் பரவிவரும் தீவிர இடைவெளிப் பயிற்சி (உச்ச வேகமும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். ‘தினம் நான்கு நிமிடம் போதும்’ என்ற வரி உறுத்துகிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய கணக்கு அது: 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. ஆனால் அங்கே சைக்கிள் மிதித்தவர்கள் உடற்கல்வி பயிலும் இளைஞர்கள். இனி மிதிக்கவே முடியாது என்னும் எல்லைவரை மிதித்தார்கள். உடலைச் சூடேற்றும் நேரமும் அந்த நான்கு நிமிடத்தில் சேராது. அதே முனைப்பை முக்கால் மணி நேரம் எவராலும் தாங்க இயலாது. ஆகவே 45 நிமிட வகுப்புக்குத் ‘தீவிர இடைவெளிப் பயிற்சி’ என்று பெயர் சூட்டுவது வெறும் விளம்பரம். (கட்டணம் மட்டும் தீவிரம்தான்.)

நான் சேர்ந்த கூடத்தில், ஐம்பதைக் கடந்தவர்களிடமும் ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா என ஒரு வார்த்தை கேட்காமல் முதல் நாளே குதிக்க விட்டார்கள். எங்கள் வயதினருக்கு 3 நிமிடம் விரைவு நடை, 3 நிமிடம் மெதுநடை என ஐந்து சுற்று நடப்பது பொருந்தும். இதுவும் ஜப்பானில் ஆராயப்பட்ட முறையே. வண்டியூர் கண்மாய் நடைபாதையிலும் பூங்காக்களிலும் இதை விளக்கும் பலகைகளை மாநகராட்சி வைக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் உடல்நல விவரம் கேட்பதையும் கூடங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், அண்ணா நகர், மதுரை