காற்று இருந்தும் நிலக்கரி ஏன் எரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் போகிறவர்கள், நல்ல காற்றடிக்கும்போதே சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்பதைப் பார்த்து 'பழுதாகிக் கிடக்கு' என்கிறார்கள். பழுதானவையும் உண்டுதான். ஆனால் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிப் பிணைப்பில் (கிரிட்) இடமில்லை என்று நிறுத்தச் சொல்லி நிற்பவையும் உண்டு. அதே நேரத்தில் தூத்துக்குடியில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும். இதற்கு அதிகாரிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. கொதிகலனின் குணம் அப்படி.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிறுவப்பட்டவை 210 மெகாவாட் அலகுகள் (கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த உற்பத்தித் தொகுதிகள்) ஐந்து. முதலாவது 1979-ல் ஓடத் தொடங்கியது. இந்த அளவுள்ள அலகு முழுச் சுமையில் மணிக்கு 150 டன் அளவில் நிலக்கரி தின்னும். கரியை மாவாக அரைத்து, சூடான காற்றோடு உலைக்குள் ஊதுகிறார்கள். சுமையைக் குறைக்க அரவை இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பாதிக்கும் கீழே இறக்கினால் தீ தள்ளாடும். ஃபர்னஸ் ஆயில் பீய்ச்சித்தான் அணையாமல் காக்க முடியும். ஒரேயடியாக அணைத்துவிட்டாலோ, கொதிகலன் டிரம்மும் டர்பைன் உறையும் மெல்ல மெல்லத்தான் மறுபடி சூடேற வேண்டும். அவசரப்பட்டால் கனத்த உலோகத்தில் விரிசல் விழும். ஆறிப்போன அலகு மின்சாரம் தரப் பல மணி நேரமாகும். அந்தி சாய்ந்து சூரிய மின்சாரம் விழும்போது வீட்டு விளக்கும் ஏசியும் ஒன்றாக ஏறுமே, அதற்காகத்தான் பகலெல்லாம் அதை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி எரிகிறது. பாதிச் சுமையில் இன்னும் கூடும். வெளியேறும் கரியமில வாயுவோ ஒரு கிலோவை நெருங்கும். எரித்ததைவிட வாயு எப்படிக் கனக்கும் என்று கேட்கலாம்: 12 பங்கு கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் 32 பங்கு சேர்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்படித்தான் வருகிறது. 2070-க்குள் நிகரப் பூஜ்ஜியம், அதாவது வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உறிஞ்சப்படுவதற்கும் கணக்கு சரியாகிவிடும் என்று 2021-ல் கிளாஸ்கோவில் சொல்லிவிட்டு வந்தோம். உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு 660 மெகாவாட் அலகுகள் இரண்டு என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

எனவே காற்றாலையை எண்ணிக்கையில் கூட்டுவதால் மட்டும் கரி குறையாது. நிலக்கரி அலகை இறக்கக்கூடிய குறைந்தபட்சச் சுமை 55 சதவீதம் என்பது இப்போதைய மத்திய விதி. அதை 40-க்கு இறக்க பர்னர், தீயுணர் கருவி, கட்டுப்பாட்டு மென்பொருள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழைய அலகுகளில் அந்தச் செலவு தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். அவற்றைக் காற்றுப் பருவம் முழுக்க அணைத்தே வைப்பது மேல். பாசன மோட்டார்களை நண்பகலுக்கு மாற்றுவது கொஞ்சம் கைகொடுக்கும். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட் இழுக்கும். கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட். உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். மிச்சத்துக்குக் காற்றாலை மின்சாரம் வந்து சேரும் துணைமின் நிலையத்திலேயே பேட்டரி வைக்க வேண்டும். ஒரு 210 மெகாவாட் அலகுக்கு ஈடாக மாலை 6 முதல் 10 மணி வரை தாக்குப்பிடிக்க 8,40,000 யூனிட் சேமிப்பு வேண்டும். காற்றாலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்பாளர்,
பணகுடி