படைவீரர் சான்றின் 28ஆம் கட்டத்தை அரசே திருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கும், கீழே கையெழுத்திட்டுள்ள தமிழ்க் குடும்பத்தினர்

பெறுநர்:
மாண்புமிகு பாதுகாப்புத் துறைச் செயலர் அவர்கள்,
பென்டகன், வாஷிங்டன்

நகல்: தரைப்படை, கடற்படை, விமானப்படைச் செயலர்கள்; கடலோரக் காவல்படைக்குப் பொறுப்பான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர்

பொருள்: தன்பால் ஈர்ப்பைக் காரணம் காட்டிப் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பணிவிலக்கச் சான்றுகளை, அவர்கள் விண்ணப்பிக்கும்வரை காத்திராமல் அரசே திருத்தித் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். நாங்கள் படையில் பணியாற்றியவர்கள் அல்ல. எங்களில் சிலர் வார இறுதிகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, வயதானவர்களுக்கு அரசுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். வரி, மருத்துவக் காப்பீடு, குடியுரிமை என்று எது வந்தாலும் பார்ப்போம். முன்னாள் படைவீரர்களும் வருவார்கள். அப்படித்தான் இந்த விஷயம் எங்கள் கைக்கு வந்தது. மனுவின் ஆங்கிலப் படியை இணைத்திருக்கிறோம். கையெழுத்திடும் பெரியவர்கள் தாங்களே படித்துப் பார்த்த பிறகுதான் போடுவோம் என்றார்கள். அதனால் மூலம் தமிழில் இருக்கிறது.

டிடி 214 என்கிற பணிவிலக்கச் சான்றுத் தாள்தான் இந்த நாட்டில் ஒரு படைவீரரின் ஜாதகம். வேலைக்குப் போனாலும், வீட்டுக்கடன் கேட்டாலும், படைவீரர் மருத்துவமனைக்குப் போனாலும், கடைசியில் தேசிய இடுகாட்டில் இடம் கேட்டாலும் அதைத்தான் நீட்ட வேண்டும். அதில் 24ஆம் கட்டம் பணியின் தன்மையைச் சொல்கிறது. 26ஆம் கட்டத்தில் வெளியேறிய காரணத்துக்கான ஒரு குறியீடு. 27ஆம் கட்டம், திரும்பப் படையில் சேரலாமா கூடாதா என்பது. 28ஆம் கட்டத்தில் வெளியேறிய காரணம் சொற்களிலேயே இருக்கும். ஓரினச்சேர்க்கை நடத்தை என்றோ, தன்பால் ஈர்ப்பாளர் என்று தானே ஒப்புக்கொண்டார் என்றோ அங்கே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கௌரவமான பணிவிலக்கம் பெற்றவர்களின் தாளிலும் இதே வாசகம் உண்டு. 24ஆம் கட்டம் அவரை மெச்சுகிறது, நான்கு கட்டம் தள்ளி அதே தாள் அவரைக் காட்டிக் கொடுக்கிறது.

காரணம் இல்லாத சுருக்கப் படி ஒன்றும் கையில் தருகிறார்களே என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். சரி, வேலை கொடுப்பவர் முழுப் படியைக் கொண்டுவா என்றால் அவர் என்ன செய்வார்? சுருக்கப் படியை மட்டும் நீட்டுகிறவரைப் பார்த்தால் இவர் எதை மறைக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். முன்பு இதே காரணத்தை எண்களாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியல் வேலை கொடுப்பவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 1974இல் உங்கள் துறையே அந்த எண்களைப் படைவீரர் கையில் தரும் படியில் அச்சிடுவதை நிறுத்தியது. தாளில் இருக்கும் ஒரு குறி மனிதனை எவ்வளவு தூரம் துரத்தும் என்று துறைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இது நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நீல நிறத் தாளில் ஒரு பணிவிலக்கம் கொடுத்தார்கள். அது கௌரவமானதும் அல்ல, அவமானகரமானதும் அல்ல. ஆனால் தன்பால் ஈர்ப்புக்காக அந்த நீலத் தாளைப் பெற்றவர்களுக்குப் போருக்குப் பிந்தைய கல்வி, வீட்டு உதவி எதுவும் கிடையாது என்று 1945இல் படைவீரர் நிர்வாகம் உத்தரவு போட்டது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை மட்டும் 48,603 நீலத் தாள்களைக் கொடுத்தது. அதில் 10,806 கறுப்பினத்தவருக்கு. படையில் அவர்கள் பங்கு அதற்கு மிகக் குறைவு. பிடிக்காதவரை வழக்கு, விசாரணை இல்லாமல் அனுப்பிவைக்க வசதியான தாளாக அது இருந்தது. 1947இல் நீல நிறம் போனது, வழக்கம் போகவில்லை. 1982இல் தன்பால் ஈர்ப்பு படைப்பணிக்கு ஒவ்வாதது என்று துறையின் ஆணையிலேயே எழுதி வைத்தார்கள். 1993இல் ‘கேட்காதே, சொல்லாதே’ சட்டம் வந்தது. தன்பால் ஈர்ப்பு உண்டா என்று படை கேட்காது, வீரரும் சொல்லக்கூடாது, தெரிந்துவிட்டால் வெளியேற்றம். பெயரைக் கேட்டால் ஏதோ சமரசம் போலத் தெரியும். அந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் 13,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர்க்காலம் முதல் 2011 வரை எல்லாம் சேர்த்தால் சுமார் 1 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

2011 செப்டம்பர் 20 அன்று அந்தச் சட்டம் ஒழிந்தது. அன்றைக்கே உங்கள் துறை ஒரு நல்ல காரியமும் செய்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆவணத் திருத்தக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டுதல் போனது. இந்தக் காரணத்துக்காக மட்டுமே வெளியேற்றப்பட்டவர் விண்ணப்பித்தால் 28ஆம் கட்டத்தில் ‘செயலரின் அதிகாரத்தின்படி’ என்று மாற்றுங்கள், பணியின் தன்மையைக் கௌரவமானது என்று ஆக்குங்கள், திரும்பச் சேரத் தடையில்லாத குறியீட்டைக் கொடுங்கள் என்றது அது. நல்ல வழிகாட்டுதல். விண்ணப்பித்தால் என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் சிக்கி நிற்கிறது.

விண்ணப்பிப்பது என்றால் என்ன என்று மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறோம். வெளியேறி 15 ஆண்டுக்குள் என்றால் ஒரு படிவம், ஒரு குழு. தாண்டிவிட்டால் வேறு படிவம், வேறு குழு. அந்த இரண்டாவது குழுவுக்கு மூன்று ஆண்டுக் கெடு உண்டு. நியாயத்தின் பொருட்டுக் கெடுவைத் தளர்த்தலாம். ஆனால் ஏன் தாமதம் என்று விண்ணப்பதாரர்தான் விளக்க வேண்டும். ஏன் தாமதமா? 1953இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. பெற்ற பிள்ளைகளிடம்கூட எதற்காக வெளியே வந்தோம் என்று சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். பழைய விசாரணையை மறுபடி நினைத்து, காரணத்தைத் தன் கையாலேயே எழுதி, ஆதாரமும் இணைத்து அனுப்பு என்கிறோம். படிவத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போனவரை மறுபடி வரச்சொல்லிக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆதாரம் என்பதும் லேசில்லை. 1973 ஜூலை 12 அன்று, படைவீரர் கோப்புகளை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீ விபத்து. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் எரிந்தன. 1960க்கு முன் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அதில் போய்விட்டது. கனெக்டிகட்டைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்பைர்ஸ் 1946 முதல் 1948 வரை படையில் மதகுருவின் உதவியாளராக இருந்தவர். அவர் திருத்தம் கேட்டபோது, உங்கள் கோப்பு எரிந்துவிட்டது என்று விமானப்படை மறுத்தது. கடைசியில் வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் சான்று திருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91, உடம்பும் முடியாமல் இருந்தார். 1955இல் விமானப்படையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஹெலன் கிரேஸ் ஜேம்ஸ் 2018இல், 90 வயதில் கௌரவமான விலக்கத்தைப் பெற்றார். இரண்டு பேருமே வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றம்வரை போக முடிந்தவர்கள். அப்படிப் போக வழியில்லாதவர்களை யோசித்துப் பாருங்கள்.

அரசே தேடித் திருத்த முடியுமா என்ற கேள்விக்கு உங்கள் துறையே பதில் சொல்லிவிட்டது. 2023 செப்டம்பரில், விண்ணப்பிக்காதவர்களின் கோப்புகளைத் தாமாகவே எடுத்துப் பார்ப்பதாக அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் 800க்கும் மேற்பட்டவர்களின் சான்று கௌரவமானதாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ‘கேட்காதே, சொல்லாதே’ நடைமுறைக்கு வந்த 1994 பிப்ரவரிக்குப் பின் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தியவர்கள், அதாவது வயதில் மூத்தவர்கள், காத்திருக்க நேரமே இல்லாதவர்கள், வரிசையில் இல்லை. 2025 மார்ச்சில் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்ற சமரச உடன்பாடு சுமார் 35,000 பேருக்கு வழியை எளிதாக்கியிருக்கிறது. அதிலும் கேட்டு வருபவருக்குத்தான் பலன்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் பத்தாம் பகுதியில் உள்ள 1552ஆம் பிரிவு, தவற்றையோ அநீதியையோ நீக்கத் தேவை என்றால் எந்தப் படை ஆவணத்தையும் திருத்தலாம் என்கிறது. திருத்தம் கேட்டு மனுப்போட வீரருக்கும் வாரிசுக்கும் மட்டுமல்ல, அந்தந்தப் படையின் செயலருக்கும் அந்தப் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே மனுப்போட வேண்டியவர் தங்கள் துறையிலேயே இருக்கிறார்.

எனவே, 1994க்கு முன் இந்தக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டவர்களின் கோப்புகளையும் துறையே தேடி எடுத்து, படைச் செயலர்களின் பெயரிலேயே திருத்த மனுவைப் பதிந்து முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கோப்பு எரிந்துபோனவர்களிடம் அவர் கையில் இருக்கும் பழைய தாளையும் அவர் எழுதித் தரும் வாக்குமூலத்தையும் போதுமான ஆதாரமாக ஏற்க வேண்டும். தீ வைத்தது அவர்கள் அல்ல.

அடுத்து, 2011 வழிகாட்டுதலில் உள்ள ‘கடுமையாக்கும் சூழ்நிலை’ என்ற விலக்கு. அப்படி ஏதும் கோப்பில் இருந்தால் இந்தத் திருத்தம் எளிதில் கிடைக்காது. வன்முறை, சிறுவரிடம் தவறாக நடந்தது, கீழ்ப்பணியாளரை மிரட்டியது என்றால் அதில் எங்களுக்கும் மறுப்பில்லை, ஒவ்வொன்றையும் தனியாகவே பாருங்கள். ஆனால் பழைய விதிகள் படைக் கப்பலில் நடந்தது என்பதையும் இந்தப் பட்டியலில் வைத்திருந்தன. கடற்படைக்காரர் மாதக்கணக்கில் கப்பலில்தானே குடியிருக்கிறார், வேறு எங்கே போவார்? இருவரும் மனமொத்து நடந்துகொண்டது எங்கே நடந்தாலும், அதே இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் அப்படி நடந்திருந்தால் வேலை போயிருக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

இறந்துபோனவர்கள் விஷயத்தில் வாரிசோ சட்டப் பிரதிநிதியோதான் கேட்கலாம் என்கிறது இன்றைய ஏற்பாடு. 2015 ஜூனில்தான் ஒருபால் திருமணம் நாடு முழுவதும் செல்லுபடியானது. முப்பது, நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்து, கடைசிவரை பார்த்துக்கொண்டவர் காகிதத்தில் யாரோ ஓர் ஆள். வருஷக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் மகன் வாரிசு. கூட வாழ்ந்தவரின் மனுவையும் ஏற்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் துறையே திருத்திக் கோப்பில் வைக்கட்டும். தேசிய இடுகாட்டு உரிமை மறுக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டு சின்ன விஷயங்கள். சின்னவை என்றாலும் இவற்றில் தவறினால் செய்த உதவியே வினையாகிவிடும். திருத்தத்தை டிடி 215 என்ற ஒட்டுத் தாளில் போடாதீர்கள். எந்தக் கட்டத்தில் எது மாறியது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். புதிய 214 கொடுங்கள். அதன் குறிப்புகளில் மறுவெளியீடு என்ற சொல்லும் வேண்டாம். இன்னொன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் தங்கள் 214ஐ மாவட்டப் பதிவகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். புதிய தாளோடு, அங்குள்ள பழைய படியை மாற்றச் சொல்லும் கடிதம் ஒன்றையும் இணைத்து அனுப்ப வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்லாதவர்களும் இருப்பார்கள் என்பதால், உறையின் மேல் எதுவும் தெரியக்கூடாது. புதிய தாள் தபாலில் வேண்டாம், கோப்பில் மட்டும் மாற்றுங்கள் என்று சொல்கிறவர்களுக்கு அந்த வசதியும் வேண்டும்.

எந்தத் தேதிக்குள் இந்தப் பணி தொடங்கும், எந்தப் படை எவ்வளவு கோப்புகளைப் பார்த்து முடித்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுவில் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். கடலோரக் காவல்படை வேறு துறையில் இருப்பதால் இந்தப் பட்டியலில் விட்டுப்போகும் ஆபத்து உண்டு. அந்தத் துறைச் செயலருக்கு நகல் அனுப்பியிருப்பது அதற்காகத்தான்.

தங்கள் பதிலை, இணைப்பில் உள்ள ஆங்கிலப் படியில் குறித்த முகவரிக்கு எழுத்து மூலம் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் இதே மனுவை எங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினர் வழியாக மறுபடி அனுப்புவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: மனுவின் ஆங்கிலப் படி, கையொப்பத் தாள்கள்