பள்ளம் தோண்டவும் பணம் கிடைக்கும்

ஐயா,

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடித்துவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் மிஞ்சிய மண்தரையையும் சிமெண்ட் போட்டு மூடியதில், தெருமுனைப் புங்கமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட இல்லை.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. பெய்கிறது. நிலத்தில் இறங்காமல் வீணாக ஓடும் நீரைப் பெருக்கிப் பார்த்தால் வயிறு எரியும். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியைப் போன வாரம் என் வீட்டில் திறந்தேன். கூழாங்கல்லைக் காணோம், சேறும் இரண்டு பால் உறைகளும்தான் இருந்தன.

மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் நகரங்களுக்கும் உண்டு. விண்ணப்பிக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னதும் வந்த யோசனைகள்: கேமரா, பெயர்ப்பலகை, இன்னும் கொஞ்சம் சிமெண்ட்! சாலையோரம் ஓரடிப் பள்ளம் தோண்டி, மணலும் சரளையும் இட்டு, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டால் மழைநீர் நிலத்தில் இறங்கும் என்றேன். “கொசு வருமே” என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. நீர் ஒரே நாளில் இறங்கிவிட்டால் கொசுப்புழு வளர நேரமிருக்காது. களிமண் நிலமென்றால் அடியில் குழாய் பதிக்க வேண்டும்.

பங்குத் தொகையை நாங்கள் திரட்டிவிடுவோம். வரைபடமும் செலவு மதிப்பீடும் போடத்தான் ஆளில்லை. மாதிரி ஒன்றை வார்டு அலுவலகங்களில் வைத்தால், ஐப்பசிக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுவோம்.

– குடியிருப்போர் சங்க உறுப்பினர், சென்னைப் புறநகர்